மடிப்பு வாழ்த்து அட்டையில் ஓரக் கோலம் வெட்டுப்படாமல் இருக்கக் கோப்பை எப்படித் தயாரிப்பது?

கேள்வி: நீர்வண்ணம்

வணக்கம். கையால் கோலம் வரைந்து, அதைப் பொங்கல் வாழ்த்து அட்டையாக அச்சிட்டு, தெரிந்தவர்களுக்கும் இரண்டு கைவினைக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். சென்ற பொங்கலுக்கு அச்சிட்ட 500 அட்டைகளில் ஏறத்தாழ பாதியை வெளியில் கொடுக்க மனம் வரவில்லை. வரும் பொங்கலுக்கும் அதே ஓவியத்தை அச்சிட விரும்புவதால், தவறு எங்கே நேர்ந்தது என்று இங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

அட்டை மடித்த நிலையில் 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் கொண்டது. புத்தகத்தைப் போல இடப்பக்கம் மடிப்பு வரும். தாள் 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு. அட்டையின் அளவுக்கே, அதாவது 127க்கு 178 மி.மீ. என்று வெட்டிய நீர்வண்ணத் தாளில் ஓவியத்தை வரைந்தேன். தரை முழுவதும் காவி நிறம், நடுவில் சிக்குக் கோலம், நான்கு பக்கமும் விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி வெள்ளைப் புள்ளிகளின் வரிசை. பின்னட்டை வெள்ளையாகவே இருக்கும். உள்பக்கத்தில் ஒரு வரி வாழ்த்து மட்டும்.

கோப்பைப் பார்த்த அச்சகத்தார், சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீடு வேண்டும் என்றார்கள். நானும் படத்தை 133க்கு 184 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி அனுப்பினேன். அச்சாகி வந்தபோது பல அட்டைகளில் மேலோரப் புள்ளிகள் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. சிலவற்றில் வலப்பக்க வரிசை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. எல்லாவற்றிலும், வெள்ளையாக இருக்க வேண்டிய பின்னட்டையில் மடிப்பை ஒட்டி மெல்லிய காவிப் பட்டை ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. கேட்டதற்கு, ‘நீங்கள் கொடுத்த கோப்பின்படிதான் வெட்டினோம்’ என்றார்கள். அவர்கள் சொன்ன அளவைத்தானே நான் வைத்தேன்? அப்படியிருக்க, பிழை கோப்பிலா, வெட்டியதிலா?

மறுமொழி: கட்டிங் மேசை

நீர்வண்ணம் அவர்களுக்கு வணக்கம். சிவகாசியில் கட்டிங் மெஷினில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: பிழை கோப்பில்தான். ஆனால் நீங்கள் செய்ததைத்தான் பத்தில் எட்டுப் பேர் செய்கிறார்கள். 3 மி.மீ. வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த 3 மி.மீ. எதற்காக என்று சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துக் குறை.

ப்ளீடு என்பது வெட்டி எறிவதற்காகவே அச்சிடப்படும் பகுதி. படத்தைப் பெரிதாக்கும்போது காவித் தரை மட்டும் வெளியே போகவில்லை, புள்ளி வரிசையும் சேர்ந்து வெளியே போயிருக்கிறது. 4 மி.மீ. உள்ளே இருந்த வரிசை, பெரிதாக்கிய படத்தின் விளிம்பிலிருந்து கணக்கிட்டால் 4.2 மி.மீ. உள்ளே இருக்கும். அதில் 3 மி.மீட்டரை நாங்கள் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் 1.2 மி.மீ. உயரவாட்டில் 1.1 மி.மீட்டர்தான். கத்தி ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தாலே புள்ளியின் தலையில் கைவைத்துவிடும்.

கத்தி ஏன் விலகுகிறது என்று கேட்பீர்கள். நாங்கள் ஒவ்வோர் அட்டையாக வெட்டுவதில்லை. அச்சிட்ட தாள்களை அடுக்கி, இரண்டு ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, பின்சுவரோடு அணைத்து வைத்து, மேலிருந்து அழுத்துபலகை இறங்கிப் பிடித்த பிறகே கத்தி இறங்கும். 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டில் நூறு தாள் என்றால் ஏறத்தாழ 3 செ.மீ. கனம். அந்தக் கனத்தைக் கத்தி கடக்கும்போது மேல்தாளும் அடித்தாளும் ஒரே கோட்டில் வெட்டுப்படும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கத்தியின் முனை மழுங்க மழுங்க அந்த வேறுபாடு கூடும். அதற்கு முன்பே, அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு தாளும் இம்மியளவு முன்பின்னாக ஏறியிருக்கும். ஈரப்பதம் மாறினால் தாளும் நீண்டு சுருங்கும். இவையெல்லாம் கூடினால் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை விலகல் வருவது வழக்கம். உங்கள் அட்டைகளில் சில நன்றாகவும் சில கெட்டும் இருந்ததற்குக் காரணம் இதுதான். எல்லாம் ஒரே கோப்பு, ஆனால் அடுக்கில் ஒவ்வொன்றும் இருந்த இடம் வேறு.

ஆகவே கத்திக்கு வெளியே 3 மி.மீ. எப்படி வேண்டுமோ, அப்படியே கத்திக்கு உள்ளேயும் வெறும் தரையாக ஓர் இடைவெளி வேண்டும். எழுத்துக்கு 5 மி.மீ. போதும். உங்களுடையதைப் போன்ற பார்டருக்கு அதற்கும் மேலே வையுங்கள், ஏனென்றால் பார்டர் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பிலிருந்து 2 மி.மீட்டரில் ஒரு கோடு இருந்து, வெட்டு அரை மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் ஒன்றரை, மறுபக்கம் இரண்டரை என்றாகி, பார்த்தவுடனே கோணலாகத் தெரியும். அதே கோடு 7 மி.மீ. உள்ளே இருந்தால் ஆறரையும் ஏழரையும் ஆகும்; அளவுகோல் வைத்துப் பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார். அதிலும் புள்ளிக் கோலம் என்றால் நம் வீட்டுப் பெண்களின் கண் தானாகப் புள்ளியை எண்ணத் தொடங்கிவிடும். அங்கே தப்பவே முடியாது.

தமிழ் எழுத்துக்கும் ஒரு வார்த்தை. ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்ற வரியை மேலோரத்தை ஒட்டி வைத்திருந்த அட்டை ஒன்று என் மேசைக்கு வந்தது. எழுத்தின் உடலுக்குத்தான் வடிவமைத்தவர் இடம் விட்டிருந்தார், மேலே நிற்கும் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெட்டி முடித்தபோது அடியடுக்கில் இருந்தவை ‘பொஙகல வாழததுகள’ என்று வந்தன. ஓலைச்சுவடிக்குப் புள்ளி இல்லாமல் இருப்பது பொருந்தும். வாழ்த்து அட்டைக்குப் பொருந்தாது.

மறுமொழி: பிக்சல் பானை

மேலே சொன்னது மிகச் சரி. கோப்பைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பின்னட்டையில் காவிப் பட்டை வந்ததற்குக் காரணம், முன்னட்டையின் நான்கு பக்கமும் நீங்கள் ப்ளீடு வைத்ததுதான். மடிப்பு அட்டையில் முன்னட்டைக்கு வெட்டு மூன்று பக்கம்தான் உண்டு. நான்காவது பக்கம் மடிப்பு. அங்கே கத்தி வருவதே இல்லை. நீங்கள் இடப்பக்கம் நீட்டிய 3 மி.மீ. காவியை வெட்டி எடுக்க யாரும் இல்லாததால் அது மடிப்பைத் தாண்டிப் பின்னட்டையில் போய் உட்கார்ந்துவிட்டது.

எனவே முன்னட்டையையும் பின்னட்டையையும் தனித்தனிப் படங்களாகச் செய்யாமல், விரித்த நிலையிலேயே கோப்பைத் தொடங்குங்கள். விரித்த அட்டை 254க்கு 178 மி.மீ.; ப்ளீடு சேர்த்து 260க்கு 184 மி.மீ. வெளிப்பக்கத்தை விரித்துப் பார்த்தால் முன்னட்டை வலப்பாதியிலும் பின்னட்டை இடப்பாதியிலும் இருக்கும். நடுவில் 127 மி.மீட்டரில் மடிப்புக்கோடு. போட்டோஷாப்பில் வேலை செய்வதாக இருந்தால், ப்ளீடுக்கென்று அதில் தனி ஏற்பாடு இல்லாததால் கேன்வாஸையே இந்தப் பெரிய அளவில் திறந்து, விளிம்பிலிருந்து 3 மி.மீட்டரில் வழிகாட்டிக் கோடுகளை வைத்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3071க்கு 2173 பிக்சல் வரும். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, ஸ்கிரைபஸ் ஆகியவற்றில் பக்கத்தின் அளவை 254க்கு 178 என்றே கொடுத்து, ப்ளீடுக்கான இடத்தில் 3 மி.மீ. என்று தனியாகக் குறிப்பிடலாம். கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஓவியம் தாளின் விளிம்போடு முடிந்துவிடுவதால் வெளியே நீட்ட வண்ணம் இல்லையே என்பதுதான் உங்களுடைய உண்மையான சிக்கல். அதற்கு எளிய வழி, விளிம்பை ஒட்டிய 5, 6 மி.மீ. பட்டையை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெளிப்பக்கம் ஒட்டுவது. நீர்வண்ணத் தரையில் இணைப்பு தெரியவே தெரியாது.

நீர்வண்ணம்

இருவருக்கும் நன்றி. மூன்று பக்கம்தான் வெட்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காவிப் பட்டைக்கு நான் அச்சகத்தாரைத்தான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

புள்ளி வரிசை இப்போது 4 மி.மீட்டரில் இருக்கிறது. அதை 6 மி.மீட்டருக்காவது உள்ளே கொண்டுவர வேண்டுமானால் ஓவியம் முழுவதையும் சற்றுச் சுருக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறேன். அப்படிச் சுருக்கிவிட்டு, சுற்றிலும் உண்டாகும் வெற்றிடத்தைக் கண்ணாடித் திருப்பம் செய்து நிரப்பினால் சரியாக இருக்குமா? இன்னொன்று: ப்ளீடு வைத்தால் தாள் அதிகம் ஆகும், விலை ஏறும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அது உண்மைதானா?

மறுமொழி: பிளேட் அறை

அச்சுக்கு முந்தைய பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கண்ணாடித் திருப்பம் நல்ல வழிதான், ஆனால் இந்த ஓவியத்துக்கு அதை வேண்டாம் என்பேன். எண்களைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அகலவாட்டில் புள்ளி வரிசை நடுவிலிருந்து 59.5 மி.மீட்டரில் இருக்கிறது. அது 57.5 மி.மீட்டருக்கு வர வேண்டுமானால் ஓவியத்தை 96.6 விழுக்காட்டுக்குச் சுருக்க வேண்டும். அதே விகிதத்தில் சுருக்கினால் உயரவாட்டில் வரிசை வெட்டுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 மி.மீ. உள்ளே போகும், அதில் குறை ஒன்றும் இல்லை. (சென்ற முறை அகலத்தையும் உயரத்தையும் வெவ்வேறு விகிதத்தில் இழுத்திருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள், உங்கள் வட்டப் புள்ளிகள் அப்போதே சற்று முட்டையாகியிருக்கும்.) இப்போது சுருங்கிய ஓவியத்தின் மேல்விளிம்பு நடுவிலிருந்து 86 மி.மீட்டரில் முடிகிறது. வெட்டுக்கோடு 89 மி.மீட்டரிலும் ப்ளீடின் எல்லை 92 மி.மீட்டரிலும் இருப்பதால், மேலே 6 மி.மீ. அளவுக்கு நிரப்ப வேண்டும். ஆனால் உங்கள் ஓவியத்தில் விளிம்புக்கும் புள்ளிக்கும் இடையே வெறும் காவித் தரை இருப்பது, சுருக்கிய பிறகு, 3.9 மி.மீட்டர்தான். 6 மி.மீ. பட்டையைத் திருப்பி ஒட்டினால் அதில் புள்ளிகளும் தலைகீழாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் போலிப் புள்ளிகள் வெட்டுக்கோட்டுக்கு ஒரு மி.மீட்டருக்கும் குறைவான தூரத்தில் தொடங்கும். கத்தி சற்றே வெளியே விலகினால் போதும், அட்டையின் மேலோரத்தில் வெள்ளைப் பிறைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும்.

இதற்குப் பதிலாக, பெரிய நீர்வண்ணத் தாள் ஒன்றில், ஏ4 அளவே போதும், அதே காவியைக் கரைத்து வெறும் தரையை மட்டும் பூசிக் காயவையுங்கள். மூல ஓவியத்தை வருடிய அதே வருடியில் (ஸ்கேனரில்), அதே அமைப்பில் இதையும் அங்குலத்துக்கு 600 பிக்சல் அளவில் வருடிக்கொண்டு, அடியடுக்காகப் போடுங்கள். அதன்மேல் சுருக்கிய ஓவியத்தை வைத்து, புள்ளிகளுக்கு வெளியே உள்ள 3.9 மி.மீ. இடத்துக்குள் மென்மையான மாஸ்க் (ஓரத்தைப் படிப்படியாக மறைக்கும் வசதி) கொண்டு இரண்டையும் கலந்துவிடுங்கள். வண்ணத்தின் திட்டுகள் இயல்பாகவே தொடரும். இரண்டு நாள் வேலைதான். ஆனால் தரையும் கோலமும் பிரிந்துவிட்டால், பிறகு எந்த அளவு அட்டைக்கும் தரையைத் தனியாக நீட்டலாம், கோலத்தைத் தனியாக நகர்த்தலாம். அடுத்த ஓவியத்தை எப்படியும் ஏ4 தாளிலேயே வரையுங்கள். வெட்டுக்கோட்டைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டு, வண்ணத்தை அதற்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் ஓடவிடுங்கள். ஒட்டுநாடா ஒட்டி ஓரத்தைச் சுத்தமாக நிறுத்துவது சட்டம் போட்டு மாட்டும் ஓவியத்துக்கு அழகு. அச்சுக்குப் போகும் ஓவியத்தில் அந்தச் சுத்தமான ஓரம்தான் முதலில் தொல்லை தரும்.

மடிப்பைப் பற்றி ஒரு திருத்தம். காவியை மிகச் சரியாக மடிப்புக்கோட்டிலேயே நிறுத்தினால், கிரீசிங் (மடிப்பதற்கு முன் கோடாகப் பள்ளம் பதிப்பது) அரை மி.மீ. நகரும்போது முன்னட்டையின் இடவோரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அதைவிடக் காவியை ஒரு மி.மீ. மட்டும் பின்பக்கம் இழுத்துவிடுவது நல்லது. பின்பக்கக் கீற்றை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்த வழி வேறு: பின்னட்டையையும் காவியாகவே விட்டுவிடுவது. அப்போது மடிப்பு எங்கே விழுந்தாலும் கவலை இல்லை. ஆனால் கனமான வண்ணம் மடிப்பில் வெடித்து வெள்ளை நார் தெரியும் ஆபத்து உண்டு என்பதால் கிரீசிங் இல்லாமல் மடிக்கக் கூடாது. தாளின் இழை, அதாவது அதன் நார்களின் வாட்டம், மடிப்போடு ஒரே திசையில் ஓடுவதும் அவசியம்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். 23க்கு 36 அங்குலத் தாளை முழுதாக ஓட்டும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ப்ளீடு இல்லாத 10க்கு 7 அங்குல விரிப்புகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கினால் ஒரு தாளில் 10 நிற்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரே வெட்டு. ப்ளீடு சேர்ந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10¼க்கு 7¼ அங்குலம் ஆகிறது. அச்சு இயந்திரத்தில் தாளை இழுக்கும் கிரிப்பர் பிடிக்கும் அரை அங்குலத்தை விட்டுவிட்டால் 9 நிற்கும். நடுவில் ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டு. அச்சகத்தார் முணுமுணுப்பது இதற்காகத்தான், அதில் நியாயமும் உண்டு. இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 9 நிற்க வேண்டுமானால் அட்டையின் 10 அங்குலப் பக்கத்தைத் தாளின் 36 அங்குல வாட்டில் படுக்க வைக்க வேண்டும். தாளின் இழை நீளவாட்டில் ஓடினால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும், காவி வெடிக்கும். இழையோடு மடிப்பு வர வேண்டுமானால் அட்டையைத் திருப்பி அடுக்க வேண்டும், அப்போது 8தான் நிற்கும். 500 அட்டைக்கு 10 நின்றால் 50 தாள், 9 நின்றால் 56, 8 நின்றால் 63. வீணாகும் தாள் தனி. ஆக, வேறுபாடு பதின்மூன்று தாள்கள். சென்ற முறை நீங்கள் ஒதுக்கி வைத்த அட்டைகளின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே அல்ல. ஐயாயிரம், பத்தாயிரம் என்று போகும்போது கணக்கு வேறு.

கோப்பை அனுப்பும்போது ஜேபெக் படமாக அனுப்பாதீர்கள். எது வெட்டுக்கோடு, எது ப்ளீடு என்ற செய்தி அதில் இல்லாததால், அவசரத்தில் இருப்பவர் அதைப் பக்கத்தின் அளவுக்குப் பொருத்திவிடுவார். உங்கள் ப்ளீடு அட்டைக்குள் வந்துவிடும். அச்சுக்குரிய பி.டி.எஃப். கோப்பில் இரண்டு எல்லைகளும் தனித்தனியே பதிந்திருக்கும். கேன்வாவில் செய்பவர்கள் ‘பி.டி.எஃப். பிரிண்ட்’ என்பதைத் தேர்ந்து, கிராப் மார்க்கும் (வெட்டுக்குறி) ப்ளீடும் வேண்டும் என்ற கட்டத்தைக் குறிக்க மறக்கக் கூடாது. இன்டிசைனில் வெட்டுக்குறிகளின் தொலைவு இயல்பாக 6 பாயிண்ட், அதாவது 2.1 மி.மீட்டர்தான் இருக்கும், அப்படியே விட்டால் குறியின் முனை ப்ளீடுக்குள் நுழைந்துவிடும். அதை 3 மி.மீட்டருக்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக மட்டுமே அனுப்புங்கள்.

மறுமொழி: கட்டிங் மேசை

பிளேட் அறை நண்பர் சொன்ன தாள் கணக்கைப் படித்ததும் என் முதலாளி பேசுவதுபோலவே இருந்தது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கோப்பை அனுப்புவதற்கு முன் வீட்டுப் பிரிண்டரில் ஏ4 தாளில் முன்னட்டையை மட்டும் ப்ளீடோடு, நூறு விழுக்காடு அளவில் அச்சிடுங்கள். வெட்டுக்கோட்டில் அளவுகோலை வைத்து, வேண்டுமென்றே ஒரு மி.மீ. தள்ளி, கொஞ்சம் கோணலாகவும் வெட்டுங்கள். நான்கைந்து தாளை இப்படி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி வெட்டி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் தாளும் உங்கள் கண்ணை உறுத்தவில்லை என்றால், என் கத்தியும் உறுத்தாது.

நீர்வண்ணம்

மூவருக்கும் மிக்க நன்றி. பிளேட் அறை அவர்கள் சொன்னபடியே காவித் தரையை ஏ4 தாளில் தனியாகப் பூசி வருடினேன். முதல் பூச்சு மூல ஓவியத்தைவிடச் சிவந்துவிட்டதால் இரண்டாம் முறை பூச வேண்டியதாயிற்று. கோலத்தை 96.5 விழுக்காட்டுக்குச் சுருக்கி மேலே வைத்தேன். பின்னட்டையையும் காவியாக்கிவிட்டேன், அதன் அடியில் சிறிய வெள்ளைக் கோலம் ஒன்றுக்கும் இடம் கிடைத்தது.

பிறகு முன்னட்டையோடு உள்பக்கத்தையும் அச்சிட்டு, ஐந்து தாள்களைக் கோணலாக வெட்டி அடுப்படி மேடையில் பரப்பி வைத்து, எது கோணல் என்று அம்மாவிடம் கேட்டேன். புள்ளி வரிசையில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் உள்பக்கத்து வாழ்த்து வரி ஒரு தாளில் மேலே ஏறியிருப்பதாகச் சொன்னார். அளந்து பார்த்தால், எழுத்தின் உடலிலிருந்து 5 மி.மீ. விட்டிருந்தேன், புள்ளியிலிருந்து பார்த்தால் மூன்றரைதான். வரியை இன்னும் 4 மி.மீ. கீழே இறக்கிவிட்டு, தாளுக்கு 8 வீதம், இழையோடு மடிப்பு வரும்படி அடுக்கச் சொல்லிக் கோப்பை இன்று அனுப்பியிருக்கிறேன்.